பெயர் மாற்றப்பட்டுள்ளது

குடித்தால் மட்டும் போதாது,
பேச வேண்டும்.

சின்னக் குவளையில் மெத்தடோன்,
மேலே கொஞ்சம் தண்ணீர்.
அண்ணாந்து விழுங்கியதும்
மிஸ்ஸி ஹஸ்லினா முகத்தைப் பார்த்துக் கேட்பார்:
நாமா?
மருந்தை வாயில் ஒளித்தவனால்
பெயர் சொல்ல முடியாது.
அதனால் ஜெலுத்தோங் கிளினிக்கின் பக்கவாட்டு ஜன்னலில்
காலைதோறும் ஒவ்வொருவராகத்
தம் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.
அவன் மட்டும் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வானாம்,
வகுப்பில் எழுந்து நிற்கிற பையன் போல.
வரிசையில் சிரிப்பார்களாம்.

ஜன்னல் திறப்பது எட்டு மணிக்கு.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் ஏழுக்கு.

இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்
நான் எழுதியிருக்க வேண்டும்.
ஆசிரியருக்குப் பூட்டு வேண்டியிருந்தது,
சங்கிலி கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டு எச்சரிக்கைக் கடுதாசி வந்ததும்
வேலையைப் பிடித்துக்கொண்டு மருந்தை விட்டான்.
மூன்று நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
நாலாம் நாள் எலும்புக்குள் குளிர்.
ஐந்தாம் நாள்
பிளாட்டின் பின்புறம்
பழைய ஆள், பழைய பொட்டலம்.

மோட்டாரை விற்றுத்தான்
புஷ்பலீலா அவனை அந்த இல்லத்தில் சேர்த்தாள்.
பெர்ரியில் அக்கரைக்குப் போய்,
புக்கிட் மெர்தாஜாம் தாண்டி, செம்பனைக்கு நடுவே.
பலகையில் உதிக்கிற சூரியன்.
மாதம் தொள்ளாயிரம் வெள்ளி.
நானும் போனேன், தம்பியைச் சேர்க்க வந்தவளாக.
எனக்குத் தம்பி கிடையாது.
விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி என்றார் மேலாளர்,
அப்புறம் பஜனை, அப்புறம் ஓய்வு.
ஓய்வறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.
டாக்டர் வருவாரா?
வருவார்.
கடைசியாக எப்போது வந்தார்?
தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

ஐஸ்கிரீம் டப்பாவில் பற்றுச்சீட்டுகளை
அடுக்கி வைத்திருந்தாள் புஷ்பலீலா.
கணவன் இறந்தது பதினோராம் தேதி.
'வைட்டமின் ஊசி, எண்பது வெள்ளி'
பதினைந்தாம் தேதி.
ஒன்பது தடவை சரிபார்த்தேன்.
மரணச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
பதினைந்து பதினைந்தாகவே இருந்தது.

வக்கீல் சிவப்புப் பேனாவால் படித்தார்.
இல்லத்தின் பெயர் வேண்டாம்.
ஊர் பெயர் வேண்டாம், 'வட மாநிலம் ஒன்றில்' போதும்.
செத்தவன் பெயரும் வேண்டாம்,
மகள் படிக்கிறாள் இல்லையா.
நியாயமாகத்தான் பட்டது.
அவனுக்கு முரளி என்று வைத்தேன்,
அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சேர்த்து.

ஞாயிறு பதிப்பு. முதல் பக்கம்.
அடுத்த வாரமே சூரியனைக் கழற்றினார்கள்.
கூலிம் பக்கம் புதிதாக ஒரு பலகை என்று கேள்வி,
இந்தத் தடவை தாமரை.
எனக்குக் கண்ணாடியில் ஒரு விருது.
நல்ல கனம்.
காற்றாடிக்குக் கீழே
காகிதம் பறக்காமல் பிடித்துக்கொள்கிறது.

புஷ்பலீலா திங்கட்கிழமை கூப்பிட்டாள்.
நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.
"யாருங்க இந்த முரளி?"
விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.
"இல்லத்துக்காரன் பேரை மறைச்சீங்க, சரி, கேஸ் போடுவான்.
எங்க வீட்டுக்காரர் யார் மேல கேஸ் போடப் போறாரு?"
பிறகு, மகளைக் கேட்டுவிட்டேன் என்றாள்,
மகளுக்கும் அதே கேள்விதானாம்.

திருத்தம் போட முடியாது என்றார் ஆசிரியர்,
தவறு ஏதும் இல்லையே.

கிளினிக்குக்குப் போனேன்.
ஹஸ்லினா இழுப்பறையைத் திறந்தார்.
அவனுடைய அட்டை இன்னும் அங்கேதான்,
மூலை மடங்கி, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே
வெறும் கட்டங்களோடு.
ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

வக்கீல் கவிதை படிப்பதில்லை.
நான் விழுங்கிவிட்டேன்,
வாயில் எதுவும் ஒளித்து வைக்கவில்லை,
இதோ பேசுகிறேன்:

அர்ச்சுனன் த/பெ வீராசாமி.

ஜன்னல் இன்னமும் எட்டு மணிக்குத்தான் திறக்கிறது.