மெழுகு

முசிறியிலிருந்து பன்னிரண்டு நாள்,
கணவாய் தாண்டி, கழுதை முதுகில்
உப்பு மூட்டைக்கு மேலே வந்தது
குயிந்தன் அனுப்பிய கடிதம்:
சிப்பிபோல் மூடிய இரண்டு பலகை,
கயிறு, முடிச்சில் களிமண் முத்திரை,
முத்திரையில் நண்டு.

நண்டு உடையவில்லை.
உள்ளேதான் பங்குனி வெயில் புகுந்திருந்தது.
கறுப்பு மெழுகு ஒரு மூலைக்கு ஓடி
குளம் கட்டி உறைந்து கிடந்தது.
எழுத்தென்று ஒன்றுகூட இல்லை.

பச்சைக்கல் எத்தனை, என்ன பருமன்,
துளை போட்டதா போடாததா,
போன வருசத்துப் பாக்கி என்ன ஆயிற்று,
எல்லாம் அந்தக் குளத்துக்குள்.

கொடுமணலில் அதைப் படிக்கக்கூடியவன்
எர்மையன் ஒருத்தன்தான். கப்பலை விட்டு ஓடிவந்து
இரும்புலையில் துருத்தி மிதிக்கிறவன்.
பொழுதோட வந்தான், கைகூடக் கழுவாமல்.
மிச்ச மெழுகை வழித்துப் போட்டுவிட்டு
பலகையை விளக்குக்குச் சாய்த்தான்.
எழுத்தாணி அழுந்திய இடத்திலெல்லாம்
மரத்தில் கீறல்.

"அழுத்தி எழுதுகிற கை" என்றான்.
"ஆனால் பழைய பலகை. கடிதத்தின்மேல் கடிதம்,
பத்துக்குக் குறையாது."

விரலால் தடவித் தடவிச் சொன்னான்:

நீ நலமென்றால் நல்லது, நானும் நலம்.
(இதை விடு, எல்லாருக்கும் எழுதுவது.)
நாற்பது.
இதைக் கொண்டுவருகிறவன் நல்லவன், நம்பிக் கடன் கொடு.
கம்பளிக் காலுறை இன்னும் வந்து சேரவில்லை.
நாற்பதா அறுபதா, கோடு முன்னாலா பின்னாலா.
அம்மாவுக்குப் பல்வலி தேவலையா.
வழக்கு நாளுக்கு நீயே வா, ஆளை அனுப்பாதே.
மிளகு வேண்டாம்.
அப்புறம், ரொம்ப ஆழமாக,
ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடவை:
ஏன் பதில் இல்லை.

"இதில் எது எனக்கு?"
உதட்டைப் பிதுக்கினான்.

ஐம்பது கல் எண்ணிக் கட்டினேன்,
துளை போட்டது பாதி, போடாதது பாதி.
வெறும் பலகையைத் திருப்பியனுப்ப மனம் வரவில்லை.
கொல்லிமலைத் தேன்மெழுகில் கரி குழைத்து
அடுப்பில் வைத்தேன்.

ஊற்றுவதற்கு முன்னால்,
பானைக்குப் பேர் வெட்டுகிற ஆணியெடுத்து
அந்த மூன்று தடவைக்குப் பக்கத்தில்
எங்கள் எழுத்தில் கீறினேன்:
விசாகி.

மெழுகு மூடியது. நிழலில் ஆறியது.
கழுதைக்காரனிடம் மட்டும் சொல்லிவைத்தேன்,
போகும்போது
கம்பு மூட்டைக்கு அடியில் வை.