ஒன்பது சீட்டுகள்

ஸ்டார்ம் லேக்கில் ஜனவரி.
வெளியே சுழியத்துக்கும் கீழே பதினெட்டு.
பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தில்
கூடைப்பந்து வளையத்தின் கீழே இரும்பு நாற்காலிகள்.
பூட்ஸ்களிலிருந்து உருகிய பனி
மெழுகிட்ட மரத்தரையில்
பெயரில்லாத நாடுகளை வரைந்துகொண்டிருக்கிறது.

வரும்போதே காரில் முடிவாகிவிட்டது.
"ஸ்டாக்டன்தான் ஜெயிப்பான்.
ஜெயிக்கிற குதிரைமேல கட்டு.
அந்தம்மா ஆட்லி நல்லவதான், யாரு இல்லேன்னா?
பட்ஜெட்னு வாயத் தொறந்தா ஊரே தூங்கிடும்."

முப்பது வருஷமாய்ப் பன்றிகளுக்கு வைத்தியம் பார்க்கிற மனிதர்.
எந்தக் குட்டி தேறும், எது தேறாது என்று
கொட்டகை வாசலிலிருந்தே சொல்லிவிடுவார்.
நான் மறுக்கவில்லை.
மறுப்பதற்குப் பதினோரு மைல் போதாது.

நான் கணக்கெழுதுகிறவள்.
இந்தக் கூடத்தில் பாதிப்பேரின் வருமானவரி
என் அலமாரியில் இருக்கிறது.
யார் சோளம் எந்த வருஷம் படுத்தது,
அப்பன் நிலத்தைத் தம்பியிடமிருந்து மீட்க
யார் எந்த வங்கியில் கையெழுத்திட்டார்,
தெரியும். வெளியே சொன்னதில்லை.
அதனால்தான் மெர்ல் ஹூக்ஸ்ட்ரா
சீட்டெண்ண என்னைக் கூப்பிட்டார்.
"டானியின் மனைவி எண்ணுவார்" என்று
மைக்கில் சொன்னார்.
தணிகாசலம் இங்கே டானி.
நான் டானியின் மனைவி.

மூன்று வேட்பாளர்கள், மூன்று பேச்சு.
ஸ்டாக்டனுக்காகத் தொப்பிக்காரப் பையன் ஒருவன்
எல்லை, எல்லை என்று மேசையைக் குத்தினான்.
செனட்டர் ப்ரூயிட்டுக்காகப் பேசிய போதகர்
பாதியில் ஜெபத்துக்குள் போய்த் திரும்பி வரவில்லை.
ஆட்லிக்குப் பள்ளிப்பேருந்து ஓட்டும் டார்லீன் வாஸ்.
கண்ணாடியை மறந்து வந்திருந்தாள்.
காகிதத்தைக் கை நீளத்துக்குப் பிடித்து வாசித்தாள்.
"இத்தனை பில்லியன் மிச்சம் பிடித்த ஆளுநர்..."
நிறுத்தினாள். உற்றுப் பார்த்தாள்.
"மன்னிக்கணும். மில்லியன்."
யாரோ சிரித்தார்கள்.

எனக்கு அந்த இடத்தில்தான் மனம் சாய்ந்தது.
வரவுக்குள் செலவு, வாங்கினால் திருப்பிக் கொடு,
பழையதைத் தட்டிப் பார்க்காமல் இடிக்காதே:
இதற்காகத்தானே இந்தக் கட்சிக்கு வந்தோம்.
அன்றிரவு தன் தப்பைத் தானே திருத்திக்கொண்ட பேச்சு
அது ஒன்றுதான்.

பேனா ஆட்லி என்றுதான் கிளம்பியது.
இரண்டு பேர் வசிக்கும் வீட்டில் இரண்டு அணி எதற்கு என்று
ஸ்டாக்டன் என்று எழுதி
நாலாய் மடித்தேன்.

குடமும் இல்லை, ஓலையும் இல்லை.
பாப்கார்ன் வாளி. அடியில் இன்னும் உப்பு.
ஸ்டாக்டன். ஸ்டாக்டன். ப்ரூயிட். ஸ்டாக்டன்,
இரண்டு எழுத்துப் பிழையோடு; செல்லும்.
ஒரு சீட்டில் யாரோ தன் பெயரையே எழுதியிருந்தார்.
தள்ளி வைத்தோம்.
பிறகு ஒரு ஆட்லி.
கடைசி ஆங்கில எழுத்தின் வால் கீழே இறங்கி
ழகரம்போலச் சுழித்துக்கொண்டு நின்றது.

இந்த ஊரில் ழகரம் பழகிய கைகள் இரண்டுதான்.
ஒன்று சீட்டைப் பிடித்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன்.
காப்பி வரிசையில் நின்று
யாருடைய பன்றியின் இருமலுக்கோ
தீவிரமாய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார்.
மெர்ல் கேட்டார்: "ஏதும் சிக்கலா?"
"இல்லை. செல்லும்" என்றேன்.

ஸ்டாக்டன் அறுபத்துநாலு.
ப்ரூயிட் முப்பத்தொன்று.
ஆட்லி ஒன்பது.
என் ஒன்றை இங்கிருந்து அங்கே மாற்றினாலும்
எதுவும் மாறாது. கணக்கு தெரிந்தவள் நான்.
ஆனாலும் கூட்டிப் பார்த்தேன்: பத்து.

திரும்பும்போது ஹீட்டர் சூடாக நேரம் பிடித்தது.
"ஆட்லிக்கு எத்தன?" என்றார், சாலையைப் பார்த்தபடி.
"மெர்ல் அறிவிச்சாரே."
"காதுல விழல."
"ஒன்பது."
"ஒன்பதா!" என்றார்.
அந்த ஒன்பதை ஏதோ
எடைக்கு மேல் தேறிவிட்ட குட்டிபோலச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும்:
"நீ யாருக்குப் போட்ட?"
"நீங்க சொன்னவனுக்குத்தான்."

வைப்பர் பனியைத் தள்ளியது.
தானியக் கிடங்கின் சிவப்பு விளக்கு கடந்துபோகும்வரை
அவர் ஒன்றும் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.