மலாயில் இருபது சொற்கள்

ஜெலுத்தோங் ஃபிளாட், பதினேழாம் மாடி.
துணி உலர்த்தும் கழியைத் தாண்டிப் பார்த்தால்
பாலம் தெரியும்.
அதைக் காட்டித்தான் பெண் கேட்டார்கள்:
மாப்பிள்ளை போட்டோவில்
அவர் முதுகுக்குப் பின்னால்
கடல்மேல் நீண்டு கிடந்தது.

பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை,
வேலை செய்யக் கூடாது.
விருதுநகரில் எட்டு வருடம்
பருப்பு மில்லில் கணக்கு எழுதிய கை.
இப்போது லிஃப்ட் ஏறி இறங்குவதை எண்ணுகிறது.
நேற்று முந்நூற்றுப் பன்னிரண்டு.
ராத்திரியில் எண்ணியதைச் சேர்க்கவில்லை.

விசா புதுப்பிக்க, வருடா வருடம்
அவர் கூட வர வேண்டும்.
சண்டை வந்தால் அதைத்தான் சொல்வார்,
சத்தம் போடாமல், சோற்றைப் பிசைந்தபடி:
"இந்தத் தடவ லீவு கிடைக்காது போல."

அம்மாவிடம் சொன்னேன்,
தூக்கம் வரலம்மா.
"ஏசி இருக்குன்னியே" என்றாள்.

சோப்பு வாங்கப் போன கடையில்
சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றிருக்கிறேன், எவ்வளவு நேரமோ.
கடைக்காரர் சொல்லி
மூன்றாம் மாடி கொடிமலர் டீச்சர்தான்
இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்.

முதல் நாள் டாக்டர் "தீடூர்?" என்றார்.
எனக்குத் திடீர் என்று கேட்டது.
"ஆமா சார், திடீர் திடீர்னுதான்."
நர்ஸ் சிரிக்கவில்லை.
கன்னத்தில் கையை வைத்துக் காட்டினாள்: தூக்கம்.

அப்புறம் சாக்கிட்.
வலி என்று அர்த்தம், நோய் என்றும்.
மாமியாருக்கு அதில்
சாக்கு மட்டும் கேட்டது.
எனக்கு, சகி.
பொறுத்துக்கொள் என்று, அம்மா குரலில்.

இன்று மூன்றாம் தடவை. எண் நாற்பத்தொன்று.
பக்கத்தில் ஒரு வியட்நாம்காரி.
ஆயர் ஈத்தாமில் மீன்கடைக்காரருக்கு
வாழ்க்கைப்பட்டவளாம்.
இவ்வளவு சொல்லவே பத்து நிமிஷம் ஆயிற்று;
ஆளுக்கு இருபது மலாய்ச் சொல்தான் கையிருப்பு.
மோதிரத்தைத் தொட்டாள்.
பிறகு நெஞ்சை.
"சாக்கிட்."

சகி.
அதற்கு இன்னொரு பொருளும் உண்டே,
செய்யுள் பகுதியில் வரும்,
தலைவி பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பாளே.

என்னைக் கூப்பிட்டார்கள்.
மாரீஸ்வரியைப் பாதியில் நிறுத்தி
மாரி என்றார்கள். மலாயில் அதற்கு 'வா'.
எழுந்தேன்.
கேட்காமலே என் பையை எடுத்து
அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.
பாஸ்போர்ட் அதற்குள்தான் இருக்கிறது.