பென்சிலாலா?

ஸ்காட்லாந்தில் அது ஏதோ பள்ளத்தாக்கின் பெயராம்.
எங்கள் வாயில் விழுந்து கெண்டேரியானது.
துரை போய், துரையின் கம்பெனி போய்,
பால்மரம் போய்ச் செம்பனை வந்து,
பலகையில் 'லாடாங்' முன்னால் ஒட்டிக்கொண்ட பிறகும்
பெயர் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி.
ஹனிபா தொழுகைக்குப் போயிருந்தார்.
கல்லாவில் மருமகள், தலைக்கு மேல் தொலைக்காட்சி.
அங்கே இன்னும் விடியவில்லை,
எண்ணி முடிக்கப் போகிறார்கள்.

"துரைமாருக்கே துரை வேணாமாம்!"
மீகூன் கோரேங்கை ஊதி ஊதித் தின்றார் குப்புராஜ்,
முன்னாள் சங்கச் செயலாளர்.
"பிரிஞ்சு போனா எந்தக் காசுல சம்பளம்?"
இது லோரி பரமானந்தம்.
"கடல்ல எண்ணெய் கெடக்கு."
"எண்ணெய் இங்கயுந்தான் கெடக்கு, வண்டி வண்டியா.
உன் வீட்டுக்கு எத்தனை போத்தல் வந்துச்சு?"
நான் மில்லில் எடைமேடைக் கிராணி.
கணக்கு தெரியும். வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற வருஷம்
இங்கே பெட்டி எதுவும் வரவில்லை.
நாலு வரி நோட்டீசு வந்தது.
லயத்துக் கதவில் கோந்து காய்வதற்குள்
மண்வாரியும் வந்துவிட்டது.

மூலை மேசையில் அடைக்கலம்.
ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தார்,
பிறப்புப் பத்திரம் மட்டும் பிறக்கவில்லை.
அறுபத்திரண்டு வயதிலும் சிவப்பு ஐசி.
தேர்தல் நாளில் அவருக்கு வேலை,
நடக்க முடியாதவர்களை வேனில் ஏற்றிப்போய்
பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு
வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது.

மகள் கோகிலவாணி டண்டீயில் தாதி.
குடியிருந்தால் போதுமாம் அங்கே;
காமன்வெல்த்து என்று ஒரு பழைய கணக்கு,
அதில் இவளுக்கும் ஓட்டு.
பதினாறு வயதுப் பையனுக்கும் ஓட்டு.

முந்தாநாள் இரவு கூப்பிட்டாளாம்.
"அப்பா, எதுல போடட்டும்?"
அப்படி ஒரு கேள்வி
யாரும் அவரிடம் கேட்டதில்லை.
தெருநாய் குரைத்து ஓயும்வரை யோசித்துவிட்டு
"எதால போடுவாங்க?" என்றாராம்.
"பென்சில்ப்பா."
"பென்சிலாலா? அழிச்சிட மாட்டாங்க?"

சொல்லி முடித்ததும் கடையே சிரித்தது.
அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஐம்பத்தைந்து, நாற்பத்தைந்து.
'இல்லை' வென்றது.
கன்னத்தில் கொடி வரைந்த ஒரு பெண்
யாரோ ஒருவன் தோளில் முகம் புதைக்க
அவன் சட்டையெல்லாம் நீலம்.

தொழுகை முடிந்து சொங்கோக்கைக் கழற்றியபடி வந்த ரொஸ்லான்,
"எப்படி, ஜாடியா?" என்றான்.
"தாக் ஜாடி."
"அப்ப எனக்கு ஒரு தே ஓ ஐஸ்."

பரமானந்தம் மட்டும் திரையை விட்டு எழவில்லை.
"தோத்தவன் இப்ப எங்க போவான்?
ஜெயிச்சவனுக்குப் பக்கத்து வீடாச்சே."
குப்புராஜிடம் அதற்குப் பேச்சில்லை.
முதல் தடவை.

கிளம்பும்போது அடைக்கலம்
என் காதிலிருந்த பென்சிலைக் கேட்டார்.
எடைச்சீட்டுப் புத்தகத்தையும்.
ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டார்.
கேள்வி எதுவும் எழுதவில்லை.
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
இடது கையைச் சுவராக வளைத்து
ஒரு பெருக்கல் குறி போட்டார்,
கார்பன் மூன்றிலும் விழும்படி அழுத்தி.
நாலாக மடித்து
என் சட்டைப்பையில் போட்டார்.

இரண்டு பத்துக்கு மில்லில் லோரி வரிசை.
நிறை வண்டி, வெறும் வண்டி, கழித்தால் பழம்.

மூன்று நகலையும் வைத்திருக்கிறேன், பிரிக்காமல்.
எந்தக் கட்டம் என்று கேட்டுவிடாதீர்கள்.
ஓட்டு ரகசியம்.