நாலு மணிப் பார்ட்டி

காலை எட்டரைக்கே கொண்டுவந்து விட்டார் போஜராஜ்.
பதினோரு வருஷத்து இண்டிகா.
"உள்ளே பளபளன்னு இருக்கணும் தவமலர்,
நாலு மணிக்குக் காரமடைப் பார்ட்டி வருது."
உள்ளே என்றால் சீட் அல்ல.
பானட்டைத் தட்டிக் காட்டினார்.

ஆனி மாதம். டானிங்டனில்
சாலையின் எதிர்ப்பக்கம் தெரியவில்லை.
மூடுபனி கொட்டகைக்குள் வந்து
டோக்கன் வாங்காமல் நிற்கிறது.
இந்த ஊரில் எஞ்சினை நனைப்பது சுலபம்.
காயவைப்பதுதான் தொழில்.

முதலில் சூடு ஆறட்டும்.
கீழே என்றால் ஒரு மணி நேரம் ஆகுமாம்;
இங்கே ஒரு டீ குடித்து
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் போதும்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர், பேட்டரியின் மைனஸ்.
ஆல்டர்னேட்டருக்கு ஜவுளிக்கடைப் பை,
ஃப்யூஸ் பெட்டிக்கு ரொட்டிக் கவர்,
காற்று இழுக்கும் வாய்க்கு என் பழைய மழைத்தொப்பி.
பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்கு
மப்ளர் கட்டுவதுபோல்
ஒவ்வொன்றையும் இறுக்கி முடிந்தேன்.

வைப்பர் அடியில் சில்வர் ஓக் இலைகள்.
மடிப்பில் சீகைப் பூவின் மஞ்சள் தூள்,
மாசி மாதத்தினுடையது.
பேட்டரித் தட்டுக்குப் பின்னால்
எலிக்கூடு.
பானட்டின் உள்பஞ்சு, கேரட் சாக்கின் நூல்,
பற்களால் திருத்தப்பட்ட ஒரு இன்ஷூரன்ஸ் ரசீது.
எலியின் கணக்கில் தப்பே இல்லை.
எஞ்சின் நின்ற பிறகும்
ராத்திரி பத்து வரை வெதுவெதுப்பாக இருக்கும் வீடு
இந்த மலையில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?
உள்ளே யாரும் இல்லை.
கலைக்காமல் எடுத்துக் கொட்டகை மூலையில் வைத்தேன்.

டிகிரீசர் தெளித்து ஐந்து நிமிஷம்.
கறுப்பு இளகியது.
பெரிய பிரஷ், சின்ன பிரஷ், கடைசியாக
என் மகன் போன மாதம் தூக்கிப்போட்ட டூத் பிரஷ்.
ஹோஸின் வாயை விரலால் மறைத்து, தூறலாக மட்டும்.
ஓங்கி அடித்தால் அழுக்கோடு
கனெக்டரும் உயிரை விடும்.
குஞ்சப்பனைச் செம்மண் ஒருபக்கம்,
கட்டபெட்டு லாரிகளின் கரி ஒருபக்கம்,
இரண்டும் சேர்ந்து சாக்கடைக்கு நடந்தன.

வால்வு கவரின் கீழ் விளிம்பில் மட்டும்
அழுக்கு ஈரமாக இருந்தது.
எண்ணெய் மேல் தூசி, தூசி மேல் எண்ணெய்,
அடைபோலத் தடித்து.
அழுக்குக்குப் பொய் தெரியாது.
கசிவது இங்கே, இங்கே என்று
விரல் நீட்டிக்கொண்டே இருக்கும்.
அந்த விரலைத்தான்
துடைக்கச் சொல்லியிருக்கிறார்.

"கேஸ்கெட் போயிருக்குங்க."
"தெரியும்.
அதனாலதானே உன்கிட்ட வந்தேன்."

துடைத்தேன்.
நானூற்றைம்பது ரூபாய்.

ப்ளோயர் முக்கால் மணி நேரம்.
நான் காயவைத்த இடத்தையெல்லாம்
பனி பின்னாலேயே வந்து தொட்டுப் பார்த்தது.
ரப்பர் குழாய்களுக்கு டிரெஸ்ஸிங் தடவினேன்,
எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோல் மினுங்கின.
பைகளை அவிழ்த்தேன், மைனஸை மாட்டினேன், சாவி.
ஒரு இருமல், அப்புறம் சீரான ஓட்டம்.

பத்தாவது நிமிஷம்
வெளுத்த அலுமினியத்தில் ஒரே ஒரு பொட்டு.
நேற்றென்றால் அத்தனை கறுப்பில்
இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?
இன்று நெற்றியில் வைத்ததுபோல் இருக்கிறது.
துணி என் தோளில்தான் கிடந்தது.
எடுக்கவில்லை.

நாலேகாலுக்குக் காரமடைக்காரர் வந்தார்.
சுற்றி நடந்தார். டயரை உதைத்தார்.
ஹாரனை இரண்டு தடவை.
நம்பர் பிளேட் முன்னால் குந்தி
விரல் மடக்கிக் கூட்டினார்.
"எட்டு வருதுங்களே.
எனக்கு எட்டு ஆகாது."
பானட்டைத் திறக்கவே இல்லை.
ஐந்து மணி பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டார்.

போஜராஜ் என்னைப் பார்த்தார்,
நம்பர் கொடுத்தது நான்தான் என்பதுபோல்.
பிறகு அவரே பானட்டைத் தூக்கி
ரொம்ப நேரம் குனிந்து நின்றார்.
பொட்டு இப்போது கோடாக இறங்கியிருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்நூறைக் கொடுத்து மீதி வாங்காமல்
ஹெட்லைட் போட்டுக்கொண்டு பனிக்குள் போனார்.

சிமெண்டுத் தரையில் விழுந்திருந்த சொட்டுக்கு
மரத்தூள் போட்டேன்.
மூலையில் கேரட் நூல் லேசாக அசைந்தது.
பார்க்காதவள்போல்
விளக்கை அணைத்தேன்.