அச்சு அசல்

பதினைந்து வண்டிகள் செய்வதாக இருந்தார்கள்.
ஐம்பத்தேழில் ஒன்பதோடு பட்டறையில் பணம் தீர்ந்தது.
பத்து முதல் பதினைந்து வரை
எண்கள் மட்டும் பேரேட்டில் கிடந்தன,
எதிரே நிரப்பாத கட்டங்களோடு.

இது பன்னிரண்டு.
போன செவ்வாய்க்கிழமை பிறந்தது.

சான்றிதழில் ‘அச்சு அசல்’ என்று போட்டிருக்கிறார்கள்.
அச்சு ஜனவரியில் அடித்தது.
அசல், ஜெனிவாவில் ஒருவரின் கண்ணாடி அறையில்
நாற்பத்தைந்து சதவீத ஈரப்பதத்தில் நிற்கிறது.

நூற்றைம்பது மைல் ஓட்டிப் பார்த்துவிட்டு
ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அசலை ஒளிக்கற்றை விட்டு அளந்தபோது
இடது மட்கார்டு வலதைவிட
ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.
அதை அடித்தவர் ஆம்புரோஸ் டன்னிக்ளிஃப்.
அவருக்கு ஒரு கண் மங்கல் என்கிறார்கள்.
அன்று வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.
லொவீனா புல்லிமோர் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு
“அவசரம்” என்றாள்.
“அவசரத்தின் சுத்தியல் தடம் எனக்குத் தெரியும்.”

மூன்று கூட்டம் போட்டார்கள்.
திருத்தினால் அழகு, திருத்தாவிட்டால் விலை
என்றார் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்.
பிழைக்கு ஒப்புதல் கிடைத்தது.

நாற்பது நாள் அடித்தாள் லொவீனா,
அடுத்தவரின் அவசரத்தை
நிதானமாக.
அதில் ஒரு நாள் அவளுக்கும் கை தவறியது.
பின்சக்கரத்துக்கு மேலே,
துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பள்ளம்.
அன்றைக்கே நிரவச் சொல்லிவிட்டார்கள்.
அதற்கு அறுபது வயது ஆகவில்லை.

டேவென்ட்ரி தாண்டியதும் மழை.
கூரை கிடையாது, அசலுக்கும் கிடையாது.
மூன்றாம் கியர் கெஞ்சினால் விழவில்லை,
திட்டினால் விழுந்தது.
இருக்கைத் தையல் வழியாகத் தண்ணீர்
என் தொடைக்கு வழி கண்டுபிடித்தது.
ஒரு வளைவில், ஆட்டுப்பட்டி ஓரம்,
பின்பக்கம் என்னைக் கைவிட்டுப் போய்
என்ன நினைத்ததோ, திரும்பி வந்தது.
என் வயிறு சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை.

பெட்ரோல் பங்கில் ஒரு பையன்,
பள்ளிச் சீருடை, கையில் நனைந்த சிப்ஸ் பொட்டலம்.
“இது நிஜ வண்டியா?”
யோசித்தேன்.
“உள்ளே ஒழுகுது” என்றேன்.
சரி என்பதுபோல் தலையாட்டினான்.
சுற்றி வந்து, முன்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி,
“இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு.”
“தெரியும்.”
“செஞ்சவங்களுக்குத் தெரியாதா?”
உள்ளே போய்ப் பணம் கட்டினேன்.

திரும்பும் வழியில்,
சரியாக அறுபத்திரண்டு மைல் வேகத்தில்,
முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல்.
அறுபத்தொன்றில் இல்லை, அறுபத்துமூன்றில் இல்லை.
வண்டியை ஓரங்கட்டி, விரலால் சுண்டிச் சுண்டித் தேடினேன்.
பின்சக்கரத்துக்கு மேலே
நிரவிய இடத்தில் தகடு மெலிந்திருந்தது.
அசலின் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள்,
எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.
அதில் இது கிடையாது.

பட்டறைக்குள் நுழைந்ததும்
மீட்டரைக் கழற்றினார்கள்.
வாங்குகிறவர் பூஜ்ஜியத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.
நூற்றைம்பத்துமூன்று மைல்
ஒரு சின்னத் திருகுளியால் பின்னோக்கிப் போனது:
ஆட்டுப்பட்டி, மழை, சிப்ஸ் பொட்டலம்.
என் கால்சட்டை மட்டும் இன்னும் ஈரம்.

லொவீனா கை துடைத்துக்கொண்டே வந்தாள்.
“ஏதாவது?”
அவள் முகத்தைப் பார்த்தேன்.
கேட்க மாட்டாள், தெரியும்; நானும் சொல்லவில்லை.

தாளில் கடைசிக் கேள்வி:
அசலிலிருந்து மாறுபாடுகள்.
சொன்னால் நாளைக் காலை
சுத்தியலோடு நாலு பேர் வந்து
அந்த முனகலையும் எடுத்துவிடுவார்கள்.

கையெழுத்துப் போட்டேன்.
அந்தக் கட்டத்தை
நிரப்பாமல் விட்டேன்.