பிரிவு பதினொன்று

ராமன்புதூரில் மாவு மில்லுக்கு மேல்மாடி.
மாவு பறந்து வந்து கீபோர்டில் உட்காரும் கம்பெனி.
மூடிய அன்று ஏலத்துக்குப் பட்டியல் போட்டார்கள்:
நாற்காலி பதினான்கு, யுபிஎஸ் இரண்டு,
வெயிலில் வெளுத்த பெயர்ப்பலகை ஒன்று.
பலகையை எடுத்தவர் அதைத் திருப்பிப் போட்டு
'இளநீர் கிடைக்கும்' என்று எழுதிவிட்டார்.
நான் மூன்று வருஷம் எழுதிய நிரல்
பட்டியலில் இல்லை.
தூக்கிப் பார்த்து விலை சொல்ல
அதற்குக் காலும் இல்லை, எடையும் இல்லை.

குளச்சலில் நாற்பது வள்ளங்களில்
அது இன்னும் ஓடுகிறது,
காற்று மாறினால் பேசும் பெட்டியாக.
குரல் பெல்சியுடையது. கணக்கெழுத வந்தவள்.
ஸ்டுடியோவுக்குக் காசில்லாமல்
மில் நின்ற ஒரு மதியம் பேசவைத்தோம்.
கூலி, ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸ்.
சொற்கள் வள்ளக்காரர்களுடையவை:
கச்சான், கொண்டல், நீவாடு.
பிழை மட்டும் முழுக்க என்னுடையது.

ஆடியில் அது முழித்துக்கொண்டது.
'மக்கா, ஒங்க பெட்டி
நேத்தைய காத்த இண்ணைக்குச் சொல்லுது'
என்றார் சூசைமரியான், போனில்.
ஒரே வரி. நானூற்றுப் பன்னிரண்டாவது.
கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன்.

ஆனால் பிரிவு பதினொன்று:
பணியாளர் உண்டாக்கிய எதுவும்
நிறுவனத்துக்கே சொந்தம்.
நிறுவனத்திடம் அனுமதி கேட்டு எழுதினேன்.
'பெறுநர் இல்லை' என்று
சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
முதலாளி மஸ்கட்டில்.
'எனக்கும் அதுக்கும் இனி ஒண்ணுமில்ல.'
கடன் கொடுத்த வங்கியில் கேட்டார்கள்,
'நிரலா? அது எந்த சர்வே நம்பர் சார்?'
வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்,
வாரிசில்லாத சொத்து
கடைசியில் சர்க்காருக்குப் போகும் போல.
சர்க்காரில் யாருக்கு?
அதற்குத் தனி ஃபீஸ்.

கச்சான் மனு பார்த்து வீசுவதில்லை.
வெள்ளிக்கிழமை ராத்திரி குளச்சல் போனேன்.
சூசைமரியான் டார்ச் அடிக்க
படுத்திருந்த கோட்டின் குறுக்கே
ஒரு நெடுங்கோடு நிறுத்தினேன்.
கழித்தல் கூட்டலாயிற்று.
நாற்பது வள்ளம், மூன்று ராத்திரி.
செய்தது திருட்டா ரிப்பேரா
இன்றுவரை தெரியாது.

திரையின் அடியில் கம்பெனி பெயரையும்
'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை'யையும்
அப்படியே விட்டுவிட்டேன்.
செத்தவர் பெயரை ரேஷன் கார்டிலிருந்து
எடுக்காமல் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி.

பெல்சி இப்போது மார்த்தாண்டத்தில்,
நகைக்கடை பில் கவுண்டரில்.
'என் குரல் இன்னும் கடல்லயா கெடக்கு?' என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
'ஒரு எடத்துல இருமியிருப்பேன்.
அத எடுத்துட்டியளா?'

எடுக்கவில்லை.
அது மாவுத்தூசி.
மில்லுக்குச் சொந்தம்.